எட்டு விநாடி மூச்சு

எங்கள் மருத்துவமனையின் சி.டி. ஸ்கேன் இயந்திரம் தமிழில் பேசுவது என் குரலில்தான். இயந்திரத்தோடு வந்த குரல் ஒன்று இருந்தது. "சுவாசத்தை உள்வாங்கவும், தக்கவைக்கவும்" என்று அது சொன்னதும் படுத்திருப்பவர்கள் கண்ணைத் திறந்து என்னைத் தேடுவார்கள். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு மதிய உணவு வேளையில், கதவைச் சாத்திக்கொண்டு நானே பதிவு செய்தேன். "மூச்சை நல்லா உள்ளே இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க, சரியா?" பிறகு ஓர் இடைவெளி. படம் எடுத்து முடிந்ததும், "இப்ப மூச்சு விடலாம்."

அந்த "சரியா" நான் எழுதி வைத்திருந்த தாளில் இல்லை. பேசும்போது தானாக வந்தது. அசோக் நகரில் எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அதைச் சேர்த்துத்தான் முடிப்போம். திரும்பப் போட்டுக் கேட்டேன். கடுமை இல்லாமல் இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டு வருடம் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் சொன்னவர் பட்டினப்பாக்கம் பக்கம் மீன் விற்கும் ஓர் அம்மா. வயது ஐம்பத்தைந்துக்குள் இருக்கும். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் இதயத்தின் இடது பக்கம், வலது பக்கத்தைவிடத் தாமதமாகத் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்ந்து துடிக்கவைக்கும் பேஸ்மேக்கருக்கு மூன்று கம்பிகள் வேண்டும். வேறொரு மருத்துவமனையில் இரண்டை வைத்துவிட்டார்கள். மூன்றாவது, இதயத்தின் இடது பக்கச் சுவரில் வெளிப்புறமாக ஓடும் சிரை ஒன்றுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். இரண்டு மணி நேரம் தேடியும் நுழையத் தோதான சிரை அகப்படவில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த மூன்றாவது இல்லாமல் மற்ற இரண்டால் அவருக்குப் பெரிய பயன் இல்லை.

எங்கள் இதய மருத்துவர் என்னிடம் கேட்டது ஒரு வழி வரைபடம். எந்தச் சிரை எங்கே பிரிகிறது, எவ்வளவு அகலம், எத்தனை வளைவு. "வழி தெரிஞ்சா போய்டலாம். கண்ணக் கட்டிக்கிட்டு ரெண்டாவது தடவ உள்ள போக வேணாம்னு பாக்குறேன்" என்றார். அவருடைய சீட்டில் இன்னொரு வரியும் இருந்தது. அந்த அம்மாவின் சிறுநீரகம் பலவீனம். படம் தெரிவதற்காக ஊசியில் ஏற்றும் டை மருந்தை ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம்.

நான் பட்டியல் போட்டு வேலை செய்கிறவள். கைக்கடங்கிய நோட்டு ஒன்று எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும். அன்றைய பக்கத்தில் பதினான்கு வரிகள் எழுதியிருந்தேன். முதல் வரி, அவசரப்படாதே. ஏனென்றால் சிரைகளைப் படம் எடுப்பது தமனிகளை எடுப்பது போல அல்ல. தமனிக்கு மருந்து வந்து சேர்ந்த கணமே ஆரம்பிக்கலாம். அதைத்தான் நாங்கள் தினமும் செய்கிறோம், கை அதற்கே பழகியிருக்கும். சிரைக்கு இன்னும் சில விநாடிகள் பொறுக்க வேண்டும். மருந்து தமனி வழியாகப் போய், தசைக்குள் பரவி, மறுபக்கம் சிரைகளில் வந்து சேர வேண்டும். முந்தினால் சிரை தெரியவே தெரியாது, பிந்தினால் கரைந்துபோகும். பழக்கதோஷத்தில் முந்திவிடுவேனோ என்பதுதான் என் பயம் முழுவதும். அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

கையில் ஊசி போடும் இடத்தைத் தேடும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தார். பேசுவதற்கு நடுவில் மூச்சு வாங்கினார். ஆனாலும் நிறுத்தவில்லை.

"மூணாவது மாடி பாப்பா எங்க வூடு. ஹவுசிங் போர்டு. லிப்ட்டு ஏது அங்க? ஆறு மாசமா கீழ தங்கச்சி வூட்ல பாய் போட்டு படுத்துகினு கீறேன். என் வூட்டு சாவிய இடுப்புலயே சொருகிகினு திரியறேன். அந்தக் கம்பிய வெச்சிட்டா ஏறிடலாம்னு சொல்லிக்கீறாரு டாக்டரு. ஏறிடுவேன்ல?"

"டாக்டர் பாத்துச் சொல்லுவார்மா."

"இத்த கேட்டாலும் டாக்டரு, அத்த கேட்டாலும் டாக்டரு. நீ இன்னா மெசின் கணக்கா ஒரே பாட்டு பாடற?"

மகள் வாசலில் இருந்து, "யம்மா, சும்மா இரும்மா. ஊசி போடச்சொல்லோ பேசாத" என்றாள்.

"வாயிதான்டி நம்ம பொழப்பு. மீனு பேசுமா? நாமதான் பேசணும்."

நான் சிரித்துவிட்டேன். கழுத்தில் கிடந்த சிலுவை கோத்த தாலியை, அவரே கழற்றி மகளின் கழுத்தில் மாட்டினார். உலோகம் இருந்தால் படத்தில் கோடு விழும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "தெரியும், தெரியும், முன்னியும் கழட்டினேன்" என்றார்.

மூச்சுப் பயிற்சி என் பட்டியலில் ஒன்பதாவது வரி. பக்கத்தில் நின்று, நானே சொல்லி, இரண்டு முறை செய்து பார்த்தேன். மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா, சரியா? அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பன்னிரண்டு விநாடி தாங்கினார். எங்களுக்கு எட்டு போதும். இரண்டாவது முறையும் அப்படியே. ஒன்பதாவது வரிக்கு நேராக டிக் அடித்தேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். மருந்து ஏறத் தொடங்கியது. திரையில் பெருந்தமனி வெளுத்தது. வழக்கமாக அந்தக் கணத்தில் பொத்தானுக்குப் போகும் விரலை மடக்கி வைத்துக்கொண்டு எண்ணினேன். சரியான விநாடியில் அழுத்தினேன். ஸ்கேன் வளையத்துக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. மூச்சை நல்லா உள்ளே இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க, சரியா?

அவர் படுத்திருந்த மேசை நகர ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"சரிம்மா, புட்சிகினுதான் கீறேன்" என்றது ஒலிபெருக்கி.

இவ்வளவுதான் நடந்தது. நான் ஒலிபெருக்கியைத்தான் முதலில் பார்த்தேன், திரையை அல்ல. அந்தச் சொற்களைச் சொல்ல எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவும் அவர் நெஞ்சிலிருந்து வெளியே போய்விட்டது. நெஞ்சு இறங்கியது. இதயமும் அதோடு இறங்கியது. தவறு செய்துவிட்டோம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், சட்டென்று மறுபடியும் மூச்சை இழுத்தார். அந்த அசைவும் சேர்ந்துகொண்டது. இயந்திரத்துக்கு இது எதுவும் தெரியாது. அது தன் பாட்டுக்கு எட்டு விநாடியையும் முடித்துவிட்டு, என் குரலிலேயே, இப்ப மூச்சு விடலாம் என்றது.

நிறுத்துவதற்குப் பொத்தான் இருக்கிறது. நிறுத்தி என்ன செய்ய? மருந்து உள்ளே போய்விட்டது. அதைத் திரும்ப எடுக்க முடியாது, இன்னொரு முறை கொடுக்கவும் முடியாது. கை பொத்தானின் மேல் இருந்தது, அழுத்தவில்லை.

பயிற்சியில் ஏன் பேசவில்லை என்று அன்றே புரிந்துவிட்டது. அப்போது அவர் முன்னால் நான் நின்றிருந்தேன். தலையாட்டினால் எனக்குத் தெரியும். வளையத்துக்குள் யாரும் இல்லை. தலையாட்டினால் பார்க்க ஆளில்லை. கேள்வி கேட்ட பெண்ணுக்கு வாயால்தானே பதில் சொல்ல வேண்டும்? நாள் முழுக்கக் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே வாழ்கிறவர் அவர்.

வெளியே வந்ததும், "யம்மாடி, உடம்பு பூரா சூடா ஓடிச்சு. பொடவையிலயே போய்ட்டனோன்னு பயந்துகினேன்" என்று சிரித்தார். அந்த மருந்து ஏறினால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். பட்டியலில் நான்காவது வரி, அதை முன்பே சொல்லியிருந்தேன்.

"படம் நல்லா வந்துச்சா?"

"டாக்டர் பாத்துச் சொல்லுவார்மா" என்றேன். அது எங்கள் விதி. படம் எடுப்பவர் முடிவு சொல்லக்கூடாது. அந்த விதியை எத்தனையோ முறை எரிச்சலோடு சொல்லியிருக்கிறேன். அன்று அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கட்டங்கட்டமாக எடுத்த படங்களை இயந்திரம் ஒன்றாகச் சேர்த்தபோது, சிரைகளெல்லாம் வந்து கூடும் பெரிய வாய் தெளிவாக இருந்தது. அதிலிருந்து கிளம்பும் பாதையின் முதல் பகுதியும் தெளிவு. கடைசியில் நுனியும் தெளிவு. நடுவில், இடது பக்கச் சுவர் வரும் இடத்தில், இரண்டு துண்டுத் துணியைக் கரை பொருந்தாமல் சேர்த்துத் தைத்தது போல ஒரு வெட்டு. அதற்குள் சிரை ஒன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

மருத்துவர் வந்து என் பின்னால் நின்று பார்த்தார்.

"இங்க என்னம்மா ஆச்சு?"

"பேசிட்டாங்க சார்."

"யாரு?"

"பேஷன்ட்தான். சரின்னு பதில் சொல்லிட்டாங்க."

"யாருக்கு?"

"எனக்கு சார். ரெக்கார்டிங்ல சரியான்னு கேட்டிருந்தேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது வேலை இருந்திருக்கும், பதில் சொல்ல, மன்னிப்புக் கேட்க. "டைமிங் கரெக்டா இருக்கு. வெய்ன்ல மருந்து நல்லா நெறஞ்சிருக்கு" என்றார். பிறகு ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துச் சிறுநீரக அளவை மறுபடியும் பார்த்தார், இதற்குள் மாறியிருக்கும் என்பது போல. "இன்னொரு தடவ முடியாது. சரி, உள்ள போய் பாத்துக்கலாம்."

அன்று மாலை நான் வீட்டுக்குப் போகவில்லை. இதயத் துடிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் படத்தைத் திரும்ப உருவாக்கினேன். மெல்லிய துண்டாக, தடித்த துண்டாக, மென்மையாக, கூர்மையாக. ஒன்பது வகை. செய்தது, பலன் என்று நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன். இரண்டாவது பத்தியில் ஒன்பது முறையும் ஒரே சொல், இல்லை. கடைசியில் பெருங்குடியில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டேன். ஸ்கேன் படங்களிலிருந்து ரத்தக் குழாய்களைப் பிரித்து வரையும் மென்பொருள் எழுதுவது அவள் வேலை. யார் படம் என்று சொல்லவில்லை, என்ன கோளாறு என்று மட்டும் சொன்னேன்.

"மச்சி, மங்கலா இருந்தா நான் எதாவது பண்ணலாம். அந்த எடத்த நீ எடுக்கவே இல்லயே. நான் வரஞ்சு குடுத்தா அது அவங்க வெய்ன் இல்ல, என்னோட கற்பனை. அத நம்பி ஒருத்தர் கம்பிய விடணுமா?"

"வேணாம்" என்றேன்.

"சாப்டியா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த வாரம், இதயத்துக்குள் கம்பி செலுத்தும் கேத் லேபில் அறுவை சிகிச்சை. ஸ்கேன் பிரிவு ஆட்களை அங்கே கூப்பிடுவது வழக்கமில்லை. மருத்துவர் கூப்பிட்டார். கட்டுப்பாட்டு அறையில் என் படத்தைத் திரையில் ஏற்றி, அவர் கேட்கும் கோணத்துக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் பச்சைத் துணிக்கடியில் அந்த அம்மா. தோள்பட்டைக்கு மட்டும்தான் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். விழித்திருந்தார்.

சிரைகளின் வாய்க்குள் நுழையும் வரை என் படம் சரியாக வழி சொன்னது. முன்பு அந்த மருத்துவமனையில் அதற்கே நெடுநேரம் ஆகியிருந்ததாம். இங்கே சில நிமிடங்களில் முடிந்தது. செவிலி ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். அடுத்து வரப்போவது எது என்று எனக்குத்தான் தெரியும்.

"இடது பக்கம் திருப்பு. இன்னும். சரி. கிளை எங்க பிரியுது?" மைக்கில் மருத்துவரின் குரல்.

"அந்த எடந்தான் சார் கட் ஆகுது."

"வெட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? தோராயமா?"

தோராயமாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முன்னாடி என்றால் அவர் முன்னாடி தேடுவார், பின்னாடி என்றால் பின்னாடி. நான் சொல்வதால் அங்கே சிரை முளைத்துவிடாது.

"தெரியல சார்."

ஒரு மணி நேரத்துக்குள் அதை ஐந்து முறை சொன்னேன். துளித் துளியாக மருந்தைச் செலுத்திப் பார்த்தார். சிறுநீரகத்துக்காக அதற்கும் கணக்கு இருந்தது. ஒரு முறை ஏதோ ஒரு கிளையின் நிழல் தெரிந்து மறைந்தது. மெல்லிய வழிகாட்டிக் கம்பி அதை நோக்கிப் போய், வளைந்து, நழுவித் திரும்பியது. மறுபடி போனது. மறுபடி நழுவியது. நான் சுட்டியைப் பிடித்தபடி, தெளிவாக இருக்கும் இரண்டு முனைகளையும் மாறி மாறித் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்த அம்மாவின் குரல் மைக்கில் கேட்டது.

"இன்னா டாக்டரே, வழி கெடிக்கலியா?"

"தேடிட்டிருக்கோம்மா. அசையாம இருங்க."

"அன்னிக்கி அந்தப் பொண்ணு படம் புட்ச்சுதே. அதுல இல்லியா?"

கட்டுப்பாட்டு அறையில் மூன்று பேர் இருந்தோம். மற்ற இருவரும் என் திரையைப் பார்த்தார்கள்.

"இருக்கும்மா. அந்த எடம் மட்டும் கொஞ்சம் தெளிவா இல்ல" என்றார் மருத்துவர்.

"ஓ" என்றார் அந்த அம்மா. பிறகு வெகு நேரம் பேசவே இல்லை.

கடைசியில் கம்பி, இதயத்தின் முன்பக்கம் ஓடும் ஒரு சிரையில் உட்கார்ந்தது. வேண்டிய இடம் பக்கவாட்டுச் சுவர். இது முன்பக்கம். மின்துடிப்பைக் கொடுத்துப் பார்த்தபோது, பக்கத்து நரம்பைத் தொட்டு அவர் வயிறு துடிப்புக்குத் துடிப்பு எகிறியது. "யப்பா, வயித்துல மீனு துள்ற மாரி கீது" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கம்பியைச் சற்றுப் பின்னால் இழுத்தும் மின்சாரத்தைக் குறைத்தும் துள்ளலை நிறுத்தினார்கள். கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்த மருத்துவர், "கெடச்ச எடத்துல வெச்சாச்சு. சிலருக்கு இதுவே கேக்கும்" என்றார். சிலருக்கு என்பதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நான் திரையில் என் படத்தை மூடிவிட்டு ஸ்கேன் அறைக்குத் திரும்பினேன். அன்றைக்கே பதிவை மாற்றினேன். மூச்சை இழுத்துப் பிடியுங்கள், பேச வேண்டாம். கடுமையாகத்தான் இருக்கிறது. யாரும் பதில் சொல்வதில்லை. முன்பும்தான், அவரைத் தவிர யாரும் சொன்னதில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் பரிசோதனைக்கு வந்தார். கம்பிகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் எனக்கு எக்ஸ்ரே அறை. அது அந்த இரண்டில் ஒன்று. சீட்டில் பெயரைப் பார்த்ததும் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் உள்ளே வந்துவிட்டார். இப்போது சக்கர நாற்காலி இல்லை. மகளின் தோளைப் பிடித்து நடந்து வந்தார். கதவிலிருந்து எக்ஸ்ரே பலகை வரை ஏழெட்டு அடி. நடுவில் ஒரு முறை நின்றார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"மொத மாடி வரிக்கும் ஏறிடறேன். அங்க ஒரு சேரு போட்டு கீது. குந்திட்டு, எறங்கி வந்துடறேன்."

"இதுக்கு எதுக்கு ஏறணும்னு கேளுங்க மேடம்" என்றாள் மகள். "தெனம் ஒரு வாட்டி ஏறி அந்தச் சேர்ல குந்திட்டுத்தான் வரும். மேல வூட்ட நாந்தான் போய் பெருக்கிட்டு வரேன்."

"சாவி எங்கிட்டதான கீது" என்று இடுப்பைத் தட்டினார்.

மகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவரைப் பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்தேன். எக்ஸ்ரே அறையில் பதிவுக் குரல் கிடையாது. தடுப்புக்குப் பின்னால் நின்று நானே சொன்னேன். "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா." சொன்னதும் அவர் கை மெல்ல எழுந்து, வாயை இறுகப் பொத்தியது. கையை எடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கை நெஞ்சின் குறுக்கே வரவில்லை, படத்தை மறைக்காது. அப்படியே எடுத்தேன். எக்ஸ்ரேவுக்கு ஒரு விநாடிகூடத் தேவையில்லை. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றார். முகம் சிவந்தது. "விடுங்கம்மா, விடுங்க" என்று ஓடினேன்.

பலகையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இளைத்தார். பிறகு திரும்பி, "இந்த வாட்டி வாயே தொறக்கல. பாத்தியா?" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லாமலும் இருந்திருக்கலாம். அந்தப் பச்சைத் துணிக்கடியில் பேசாமல் கிடந்த நேரத்தில் அவரே யோசித்திருக்கலாம்.

"அன்னிக்கு உங்க மேல தப்பு இல்லம்மா" என்றேன். "நான்தான் சரியான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

"நீ மருவாதியா கேட்ட. நான் மருவாதியா சொன்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத்த வுடு. இது நல்லா வந்துச்சா?"

விதி நினைவுக்கு வந்தது. திரையைப் பார்த்தேன். கடுகளவு அசைவுகூட இல்லாத படம். ஒவ்வொரு விலா எலும்பும் தனித்தனியாகத் தெரிந்தது. மூன்று கம்பிகளும் தெளிவாகத் தெரிந்தன. மூன்றாவது எங்கே இருக்கக் கூடாதோ அந்த இடத்தில், முன்பக்கம், கொஞ்சமும் மங்காமல் இருந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றேன்.

"வரும்ல" என்று மகளைக் கூப்பிட்டு, அவள் தோளில் கை வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு முறை நின்று, வெளியே போனார்.